கடைசிப் பொத்தான்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டதால் அல்ல. அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயர், தகப்பனார் பெயர், இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி வரை எனக்குத் தெரியும். என் நாட்குறிப்புகளில் அந்தப் பெயர் நூறு தடவைக்கு மேல் இருக்கிறது. ஆனால் அவர் தன் பெயரை வைத்துத்தான் பிழைத்தார். அதனால் இங்கே அதைத் தரமாட்டேன்.

‘அவன்’ என்று எழுதவும் கை வருகிறது. அந்த வருடங்களின் நாட்குறிப்பில் ‘அவர்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். பழைய பதிவைத் திருத்தும் பழக்கம் எனக்குக் கிடையாது.

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு டெக்னீஷியனாக நான் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஊர் அறந்தாங்கிப் பக்கம். இங்கே வந்ததும் முதலில் கற்றுக்கொண்டது மலாய் அல்ல, ஊருக்குப் பணம் அனுப்பும் வழிகளைத்தான். ஞாயிற்றுக்கிழமை தீவுக்குப் போய், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே இருக்கும் பணம் அனுப்பும் கவுண்டரில் வரிசையில் நிற்கலாம். வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பலாம், கட்டணம் அதிகம், இரண்டு மூன்று நாள் ஆகும். போனில் ஆப் வழியாகவும் அனுப்பலாம், பத்து நிமிடத்தில் என் மனைவியின் போன் சத்தம் போடும். மூன்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும், அதில் காலாவதியாகாத பெர்மிட் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகும். திரும்பி வர ஆறு வாரமும் ஆகும், பத்து வாரமும் ஆகும். அதுவரை ஊரில் யாரும் சாப்பிடாமல் இருக்க முடியாது.

அவர் வாழ்ந்தது அந்த வாரங்களில்தான். பினாங்கிலேயே பிறந்தவர், தீவில் டத்தோ கிராமாட்டில் வீடு, அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்களின் பணத்தைத் தன் பெயரில், தன் கணக்கிலிருந்து, தன் போனில் அனுப்பிக் கொடுப்பார். கமிஷன் வாங்கமாட்டார்.

“கமிஷன் வாங்கினா நான் மனுஷனா தம்பி? என் பேரு போகுது, உன் காசு போகுது, அவ்வளவுதான் லா” என்பார். இங்கே எல்லோரும் பேச்சின் முடிவில் ஒரு ‘லா’ போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு எங்கள் விடுதிக்கு எதிரே உள்ள மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர், வந்து உட்காருவார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட டீ, ஒன்று சொல்வார், ஆனால் அதைக் குடித்து நான் பார்த்தது குறைவு. அந்தக் கண்ணாடிக் கோப்பையின் வெளியே பூத்து நிற்கும் ஈரத்தில் சுட்டுவிரலைத் தொட்டுத் தொட்டு நோட்டை எண்ணுவார். எச்சில் தொட்டு எண்ணுபவர்களைப் பார்த்தால் முகம் சுளிப்பார். எண்ணி முடித்ததும் ஒரு சின்னக் குப்பியிலிருந்து கைக்கு மருந்து தேய்த்துக்கொள்வார். “காசு அழுக்கு தம்பி. போன்தான் சுத்தம்.”

பிறகு போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிதானமாகத் தட்டுவார். ஊரில் வாங்குபவரின் பெயர், வங்கி, தொகை, அன்றைய நாணய மாற்று விகிதம், கட்டணம். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாகத் திரையில் வந்ததும் போனை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

“பேரு சரியா? காசு சரியா? ரேட்டு பாத்துக்க. போயிருச்சு.”

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து நமக்கும் அனுப்பிவைப்பார். அதன் பின் போனை மேசையில் குப்புறக் கவிழ்ப்பார். அடுத்த ஆள்.

நான் எழுதி வைக்கிற ஆள். விடுதிக்குத் திரும்பியதும் நாட்குறிப்பில் கட்டம் போட்டு எல்லாவற்றையும் பதிவேன்: நேரம், தொகை, விகிதம், கட்டணம், பரிமாற்ற எண். கடைசிக் கட்டம் மட்டும் அவர் அனுப்பிய எல்லா வாரங்களிலும் காலியாக இருக்கிறது. அவர் அனுப்பும் படத்தில் எண் இருக்காது. ஏன் இல்லை என்று நான் கேட்கவில்லை. நான் மட்டுமல்ல, யாருமே கேட்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு விபத்து.

என் அறையில் மன்னார்குடிக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்தவரை லாரி தட்டிவிட்டது. கால் எலும்பு வெளியே தெரிந்தது. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்பணம் மூவாயிரம் கட்டச் சொன்னார்கள். இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்போம். எங்கள் அறைக்காரர்கள் ஆறு பேரின் பைகளையும் கவிழ்த்தால் நூற்றுப்பத்து வெள்ளிதான் இருந்தது, ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்தான் எல்லோரும் மாதச் சம்பளத்தை அவரிடம் கொடுத்திருந்தோம். அவருக்குப் போன் செய்தோம். பதினான்கு நிமிடத்தில் வந்தார். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை நீட்டினார், கட்டைவிரலால் அழுத்தினார், ரசீது வந்துவிட்டது.

“காலு முக்கியம் லா. காசு அப்பறம் பேசிக்கலாம்” என்றார்.

அவர் கடைசிப் பொத்தானை அழுத்தி நான் நேரில் பார்த்தது அந்த ஒருமுறைதான். மன்னார்குடிக்காரர் இன்று நடக்கிறார். அதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும். அதோடு இன்னொன்றையும் எழுதியாக வேண்டும்: “போயிருச்சு” என்று அவர் எங்களுக்குச் சொல்லி அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் கட்டிய மூவாயிரம் எங்கிருந்து வந்தது என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வாரம் ஆறு பேரின் வீட்டுக்கும் பணம் வியாழக்கிழமைதான் சேர்ந்தது. வங்கி தாமதம் என்று நினைத்துக்கொண்டோம். அதன் பிறகு அவரிடம் போய் ‘எண் எங்கே’ என்று கேட்பது நன்றி கெட்ட பேச்சு என்று ஆகிவிட்டது.

என் கதை இதற்கு எட்டு மாதம் கழித்து.

நான் மலேசியா வருவதற்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் என் மனைவியின் நகை. ஒரு சங்கிலி, இரண்டு வளையல், சேர்த்து நாலே முக்கால் பவுன். அடகுக்கடையில் இருந்தது. வட்டி கட்டி, மாற்றி வைத்து, மறுபடி வட்டி கட்டி ஐந்து வருடம் ஓட்டியிருந்தோம். கடைசியில் ஏல நோட்டீஸ் வந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணி. அதற்கு முன் முழுப் பணமும் கட்டினால் நகை திரும்பும். சக தொழிலாளிகளிடம் கைமாற்று வாங்கி ஐயாயிரத்து இருநூறு வெள்ளி சேர்த்தேன். சேர்ந்தது வெள்ளிக்கிழமை மாலை. பாஸ்போர்ட் பெர்மிட்டுக்குப் போயிருந்தது.

ஆறு நாற்பதுக்கு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணே, இது நகைக் காசு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஏலம். நாளைக்குள்ள அவ கையில இருக்கணும்.”

“நாளைக்கா? ராத்திரியே இருக்கும் லா. என் பேரு இருக்கும்போது நீ ஏன் சுசா படுற?” என்றார். சுசா என்றால் கஷ்டம். விரலை ஈரத்தில் தொட்டு எண்ணினார். தட்டினார். திருப்பிக் காட்டினார். என் மனைவியின் பெயர், தொகை, விகிதம், கட்டணம். “போயிருச்சு.”

இரவு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. போனில் கேட்டால், “பேங்க்ல தூங்குது தம்பி. முழிச்சுக்கும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பெர்ரிப் படகு ஏறி அவர் வீட்டுக்கே போனேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் பெரிய டிவி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு பெண், பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையில், கோப்பையில் சிராப், சிவப்புச் சர்பத், கொண்டுவந்து வைத்தாள்.

“ஐஸ் கொஞ்சமாத்தான் போட்டேன் அங்கிள். உங்களுக்கு ஒத்துக்குமோ என்னமோ.”

“என் மக. டாக்டராவணும்னு சொல்லுது, பாப்போம்” என்றார் அவர். பணத்தைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறவில்லை. “சனி ஞாயிறு பேங்குக்காரன் படுத்துக்குவான். திங்கக்கிழமை விடிஞ்சா போதும், மொத வேலை ஒன்னோடதுதான்.”

அவர் போன் மேசையில் குப்புறக் கிடந்தது. சிராப்பைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு ஏலம் முடிந்தது. பணம் செவ்வாய்க்கிழமை மாலை நாலு ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தது. என் மனைவி போனில், “காசு வந்துருச்சுங்க” என்றாள். அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு என்றைக்குமே அவள் நகையைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் இது நின்றிருக்காது.

அவரிடம் சொன்னேன். “வெள்ளிக்கிழமையே போயிருச்சுன்னு சொன்னேனே தம்பி. உங்க ஊரு பேங்கு அப்படி. சரி விடு, சாமி வேற நகை குடுப்பாரு” என்றார். தோளில் தட்டினார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதையும் அன்று எழுதிவைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து பாஸ்போர்ட் வந்தது. அவரை நம்பியது போதும் என்று அல்ல, அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்றுதான் என் போனில் நானே ஆப் போட்டேன். முதல்முறை அனுப்பினேன். பெயர், தொகை, விகிதம், கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் வந்தது. அவர் காட்டும் அதே பக்கம். போய்விட்டது என்று நினைத்துப் போனைக் கீழே வைத்தேன். அரை மணி நேரம் கழித்து மனைவி, “ஒண்ணும் வரலையே” என்றாள். எடுத்துப் பார்த்தேன். பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. விரலால் மேலே தள்ளினால், அடியில் ஒரு பச்சைப் பொத்தான். ‘மேற்கண்ட விவரங்கள் சரியென்றால் அழுத்தவும்.’ அழுத்தினேன். ரசீது வந்தது, அதன் தலையில் பரிமாற்ற எண்.

என் நாட்குறிப்பை எடுத்தேன். அவர் அனுப்பிய படங்களையும் எடுத்தேன். ஒவ்வொரு படமும் கட்டணத்துக்குக் கீழே ஒரே இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டம் காலி.

வெள்ளிக்கிழமை பணத்தை வாங்கி, விகிதம் ஏறும்வரை தன் கணக்கில் வைத்திருந்து, ஏறியதும் அனுப்புவார். நமக்கு வெள்ளிக்கிழமை விகிதப்படி ரூபாய், மிச்சம் அவருக்கு. கமிஷன் வாங்காத மனிதர். அந்த வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவே விகிதம் எவ்வளவு ஏறியது என்று பழைய பட்டியலைத் தேடி எடுத்தேன். ஒரு வெள்ளிக்குப் பதினொரு பைசா. ஐயாயிரத்து இருநூறு வெள்ளிக்கு ஐந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய்.

என் மனைவியின் நகைக்கு அவர் வைத்த விலை அது. அதை நான் ஒரு தனிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தில் வேறு எதையும் எழுதவில்லை.

சண்டை போடவில்லை. என் உடம்பு வாகுக்குச் சண்டை ஒத்துவராது. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் விடுதியில் பாஸ்போர்ட் கையில் உள்ள ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஆப் போட்டுக்கொடுத்தேன். பாஸ்போர்ட் இல்லாதவர்களின் பணத்தை என் பெயரில், என் வரம்புக்கு உட்பட்ட அளவு, அவர்கள் கண் முன்னால் அனுப்பினேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பக்கம் வந்ததும் விரலால் மேலே தள்ளி, பச்சைப் பொத்தானைக் காட்டி, “இத அமுக்குனாத்தான் போகும். அமுக்குனதும் நம்பர் வரும், எழுதிக்குங்க” என்று மட்டும் சொல்வேன். மன்னார்குடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தன் காலையே தடவிக்கொண்டிருந்தார்.

நாற்பத்து மூன்று பேர். எட்டு மாதம் ஆனது.

மாமாக் கடையில் அவருடைய மேசை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. கடைசியில் அவரும் ஒரு தே ஐஸும் மட்டும். அப்போதும் வந்துகொண்டிருந்தார். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். “என்னா தம்பி, இப்பல்லாம் யாரும் காசு அனுப்புறதில்லையா?” என்றார் ஒருமுறை. “அனுப்புறாங்கண்ணே. போயிருது” என்றேன்.

அந்தக் கடைக்காரரை நாங்கள் பாய் என்போம். அவரும் இவரிடம் மாட்டியவர்தான் என்பது பின்னால் தெரிந்தது. கடைச் சுவரில் ஒட்டிய கியூஆரை ஸ்கேன் செய்வார், தொகையைப் போடுவார், போனைத் தூரத்திலிருந்தே பாயிடம் தூக்கிக் காட்டுவார், பாய் கூட்டத்துக்கு நடுவே தலையாட்டுவார், இவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பாய் ஒருநாள் புதிதாக ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைத்தார். பணம் வந்தால் தொகையை வாய்விட்டுச் சொல்லும். அன்று இவர் வழக்கம்போல் போனைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்தார்.

“அண்ணே” என்றார் பாய், ரொட்டி மாவை வீசிக்கொண்டே. “பொட்டி இன்னும் பேசலயே.”

“லைன் சரியில்ல போல பாய்.”

“இருக்கட்டும், அவசரமில்ல. அது பேசுற வரைக்கும் ஒக்காருங்க. இன்னொரு தே போடவா? அதுக்கும் சேத்து ஒரேயடியா பேசிரும்.”

கடை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நாலு நிமிடம் கழித்து பெட்டி மலாயில் ‘ஏழு ரிங்கிட் ஐம்பது சென்’ என்று உரக்கச் சொன்னது. அதன் பிறகு அவர் அந்தக் கடைக்கு வருவதில்லை.

எங்கள் கூட்டம் போனதும் வேறு ஆட்களின் பணத்தை வாங்கத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். யார் எவர் என்று தெரியாத ஆட்கள். இந்த வருடம் வங்கி அவருடைய கணக்குகளை முடக்கிவிட்டது, விசாரணை நடக்கிறது. நான் புகார் கொடுக்கவில்லை. கொடுக்க நினைத்தேன், இரண்டு முறை எழுதவும் எழுதினேன், அனுப்பவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. டத்தோ கிராமாட்டில் அவர் வீட்டுக்குப் பக்கத்துக் காப்பிக்கடைக்கு வரமுடியுமா என்று கேட்டார். எனக்கு விடுமுறை நாள். போனேன். மெலிந்திருந்தார், சட்டை அதே வெள்ளை. கெரெட்டாவை ஜுருவில் விற்றுவிட்டதாகச் சொன்னார். காருக்கு இங்கே அதுதான் பெயர். கையில் ஒரு உறை.

“மக கோயம்புத்தூர்ல பல் டாக்டருக்குப் படிக்குது தம்பி. பீஸு திங்கக்கிழமைக்குள்ள காலேஜு கணக்குல ஏறணும். இல்லன்னா பரிச்சைக்கு விடமாட்டான். ஒம்பதாயிரத்து நானூறு. என் கணக்குதான்… ஒனக்குத் தெரியும்ல.”

“சொந்தக்காரங்க யாரும் இல்லையாண்ணே?”

“இருக்கானுங்க. இப்ப என் பேர கேட்டாலே போன எடுக்க மாட்றானுங்க.” உறையைத் தள்ளினார். “நீதான் கரெக்டான ஆளு. எழுதி வைக்கிற ஆளு. ஒன் பேர்ல அனுப்பிக் குடு தம்பி.”

நான் நினைக்கிறேன், அவருக்கு அப்போதும் தெரியாது. நகை போனதற்கு அறந்தாங்கி வங்கிதான் காரணம் என்று நான் இன்னும் நம்புவதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அன்று தலையாட்டினேனே.

நோட்டை எண்ணினேன். அவர் முன்னால் இருந்த தே ஐஸ் கோப்பையின் ஈரத்தில் விரலைத் தொட்டு எண்ணினேன். அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, தெரு முனையில் உள்ள வங்கிக்கு நடந்தேன். இயந்திரத்தில் பணத்தை என் கணக்கில் போட்டேன். அங்கேயே நின்றபடி போனில் எல்லாம் நிரப்பினேன். கல்லூரிக் கணக்கு என்பதால் வங்கியிலிருந்து வங்கிக்குத்தான் அனுப்ப முடியும். ஐந்து மணிக்குள் அனுப்பினால் அன்றே கிளம்பும், திங்கள் காலை சேரும். ஐந்தைத் தாண்டினால் திங்கட்கிழமைதான் கிளம்பும்.

நாலு பத்தொன்பதுக்கு அந்தப் பக்கம் வந்தது. கல்லூரியின் பெயர், அந்தப் பெண்ணின் பதிவெண், தொகை, விகிதம், கட்டணம். அடியில் பொத்தான்.

படமெடுத்துக்கொண்டேன். பிறகு இரண்டு நிமிடம் நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தில் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நாற்பது நிமிடம் சும்மா நின்றால் போதும் என்று நினைத்தேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. வங்கியில் தூங்குகிறது என்று சொல்லலாம். என் மனைவியின் வெறுங்கழுத்தை நினைத்தேன். அந்த ஐந்நூற்று எழுபத்திரண்டை நினைத்தேன். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது, அவருடைய விரல் நின்ற மாதிரியே. அப்போதுதான் அந்தச் சிராப் நினைவுக்கு வந்தது. ஐஸ் கொஞ்சமாகப் போட்டது.

நாலு இருபத்தொன்றுக்கு அழுத்தினேன். ரசீது வந்தது. எண்ணைச் சட்டைப்பையில் இருந்த சீட்டில் எழுதி, ஒருமுறை சரிபார்த்தேன்.

பிறகு, முதலில் எடுத்த படத்தைத் திறந்து, கட்டணத்துக்குக் கீழே வெட்டினேன். பொத்தான் போய்விட்டது.

கடைக்கு வந்து போனை அவர் பக்கம் திருப்பினேன். “பேரு சரியா அண்ணே? தொகை சரியா? ரேட்டு பாத்துக்குங்க. போயிருச்சு.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார். பார்த்தார். இந்த ஊரில் அந்தப் பக்கத்தை அவரைவிட அதிகம் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. கட்டைவிரலைத் திரையில் வைத்து மேலே தள்ளினார். படம் நகரவில்லை. இன்னொருமுறை தள்ளினார்.

“போயிருச்சா?” என்றார்.

“போயிருச்சுண்ணே.”

வாயைத் திறந்தார். ‘நம்பர் எங்கே’ என்று அவர் கேட்டிருந்தால் அந்த நிமிடமே சீட்டை எடுத்துக் காட்டியிருப்பேன். இது சத்தியம். ஆனால் அதைக் கேட்க வேண்டுமென்றால், எண் இல்லாத அந்தப் பக்கம் என்ன பக்கம் என்று தனக்குத் தெரியும் என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். வாயை மூடிக்கொண்டார். படத்தை அவருக்கும் அனுப்பிவைத்தேன். போனை மேசையில் குப்புறக் கவிழ்த்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு முதல் போன். “தம்பி, சாப்ட்டியா?” பதினொன்று முப்பதுக்கு, “பேங்கு இன்னைக்கு தொறந்திருக்குமா?” மாலை ஐந்து இருபதுக்கு, “ஒண்ணுமில்ல, சும்மாதான்.” ஞாயிற்றுக்கிழமை ஆறு தடவை.

ஆறாவது தடவை, “தம்பி… அது வந்து… அங்க ஒண்ணும் மாட்டிக்கலல்ல?” என்றார்.

“தூங்குதுண்ணே. திங்கக்கிழமை முழிச்சுக்கும்.”

போனை வைத்துவிட்டார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். புரிந்த பிறகு அந்த இரவு ஒன்று மிச்சம் இருந்தது. அதைத்தான் நான் அவருக்குக் கொடுக்க நினைத்தேன், கொடுத்தேன். அன்று நான் நன்றாகத் தூங்கினேன் என்றும் எழுதிவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை இந்திய நேரம் பத்து மணிக்குக் கல்லூரி அலுவலகம் திறக்கும், இங்கே பன்னிரண்டரை. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு அழைத்தார்.

“வந்துருச்சாம் தம்பி. மக சொல்லுச்சு. வந்துருச்சாம்.”

“வெள்ளிக்கிழமையே போயிருச்சுன்னு சொன்னேனே அண்ணே” என்றேன்.

அன்று மாலை பஸ் பிடித்துப் பிறைக்கு வந்தார். பாய் கடையில் என் எதிரே உட்கார்ந்தார். இரண்டு தே சொன்னார். போனை எடுக்கவில்லை, ஐந்து வெள்ளி நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். பாய் நோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். தே வந்தது. அவர் கோப்பையைத் தொடவே இல்லை.

“அந்த நகை” என்றார். “எத்தன பவுனு தம்பி?”

ஆறு வருடத்தில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான். சொன்னால் மனதுக்குள் இன்றைய விலையால் பெருக்கிப் பார்ப்பார். அது ஒரு தொகையாகும். தொகை என்று ஆகிவிட்டால் அதை என்றைக்காவது ஒருநாள் கொடுத்துவிடலாம் என்று இருப்பார், அல்லது கொடுக்க முடியாது என்று விட்டுவிடுவார். இரண்டில் எதுவானாலும் தூங்கிவிடுவார்.

“தே ஆறுதுண்ணே” என்றேன்.

“சொல்லு தம்பி.”

“குடிங்க.”

அவர் குடிக்காமலே ஏழு ஐந்து பஸ்ஸுக்கு எழுந்து போனார். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் கடைசி வரி: கேட்டார். சொல்லவில்லை.